கோபுரம் வந்தது; குரல் போய்ச் சேர்ந்ததா?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே விரித்து எழுதப்பட்டது. உரையில் குறிப்பிடப்படும் தீர்மானம் இந்த ஆண்டுச் சங்கமத்தின் பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது.)

எனக்கு மின்காந்த அலைகளைப் பற்றிப் பாடம் சொல்லி, பெரிய மனசு பண்ணி பாஸும் போட்டு அனுப்பிய பேராசிரியப் பெருமக்களே, ஒரே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்து தூங்கிய நண்பர்களே, சாப்பாடு எப்போது என்று பின்வரிசையில் காத்திருக்கும் தம்பி தங்கைகளே!

எனக்குத் தந்திருக்கும் தலைப்பு, கிராமங்களில் செல்போன் தொடர்பும் டிஜிட்டல் சமத்துவமும். நேரம் இருபது நிமிடம். பெரிய தலைப்பு, சின்ன நேரம். ஆகவே சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கத்தின் கையிருப்பில் இருக்கும் மூன்று லட்சம் ரூபாயில் முப்பது டேப்லெட் வாங்கி, கோவளத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துக்கும் திருப்போரூர்ப் பக்கம் ஒரு இருளர் குடியிருப்புக்கும் கொடுக்கலாம் என்று ஒரு தீர்மானம் வரப்போகிறது. அதற்கு ஒரு திருத்தம் கேட்கத்தான் மேடை ஏறியிருக்கிறேன்.

நம் கல்லூரி வாசலில் நின்று பாருங்கள். நாவலூரில் நின்றால் தெற்கும் வடக்கும் ராஜீவ் காந்தி சாலை. நாம் எல்லோரும் ஓ.எம்.ஆர். என்றே சொல்லிப் பழகிய சாலை. (2023-ல் நாவலூர் சுங்கச்சாவடியில் வசூல் நின்றபோது நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த வாழ்த்துச் செய்தி, யாருக்காவது கல்யாணம் ஆனபோதுகூட வந்ததில்லை.) தெற்கே சிறுசேரி சிப்காட். உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிற கட்டடங்கள், டேட்டா சென்டர்கள். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதைத் தாண்டினால் ஈ.சி.ஆர்., சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் குப்பம், கடல். காக்கை பறக்கிற தூரம் சில கிலோமீட்டர்தான். அந்தச் சில கிலோமீட்டரைப் பற்றித்தான் பேச்சு.

நான் 2010-ல் இங்கிருந்து வெளியே போனவன். அன்று முதல் ரேடியோ நெட்வொர்க் திட்டமிடுகிற வேலை. எங்கே டவர் வைப்பது, ஆன்டெனாவை எத்தனை டிகிரி சாய்ப்பது, எந்த அலைவரிசையைக் கொடுப்பது என்பதுதான் பிழைப்பு. ஊர் ஊராக வண்டியில் உட்கார்ந்து சிக்னலை அளந்துகொண்டே போவோம். டிரைவ் டெஸ்ட் என்று பெயர். வீட்டில் கேட்டால், "ஊர் சுத்துறதுக்குச் சம்பளம் குடுக்குறாங்க" என்பார்கள்.

அப்படி ஒரு டிரைவ் டெஸ்ட்டில் கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் நின்றிருந்தேன். என் கருவியில் எல்லாம் பச்சை. வரைபடத்தில் அந்த ஊர் 'சேவை உள்ள பகுதி'. மீன் கூடையோடு வந்த ஒரு அம்மா வண்டியைப் பார்த்து நின்றார்.

"டவருக்காரன்தானப்பா நீ?"

"ஆமாங்கம்மா."

"அப்போ ஒண்ணு சொல்லு. மொட்டை மாடியில நின்னா நம்பர் வருது. கீழ இறங்கி வந்து அந்தப் பையன்கிட்ட சொல்றதுக்குள்ள அது செத்துப் பூடுது. கொஞ்ச நேரம் உசுரோட இருக்கிற நம்பரா அனுப்பச் சொல்லேன்."

அவர் சொன்னது ஓ.டி.பி. அது சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். போன் அவருடையது, படித்துச் சொல்ல பக்கத்து வீட்டுப் பையன் வேண்டும், சிக்னலுக்கு மொட்டை மாடி வேண்டும். இந்த மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் அவருக்கு டிஜிட்டல் இந்தியா.

என் கருவி பொய் சொல்லவில்லை. அந்த அம்மாவும் பொய் சொல்லவில்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? தம்பிகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள், அடுத்த செமஸ்டருக்கும் உதவும்.

டவரிலிருந்து போனுக்கு வருவது டவுன்லிங்க். போனிலிருந்து டவருக்குப் போவது அப்லிங்க். டவரின் ஆன்டெனா வாயில் சாதாரணமாக நாற்பது வாட் திறன் இருக்கும். உங்கள் போன் அதிகபட்சம் வெளிவிடுவது சுமார் 0.2 வாட். இருநூறு மடங்கு வித்தியாசம். டவர் ஒலிபெருக்கி வைத்துக் கத்துகிறது. போன் காதோடு முணுமுணுக்கிறது. டவரின் காது கூர்மையானது, பெரிய ஆன்டெனா, நல்ல ரிசீவர். அதனால் அந்த முணுமுணுப்பும் ஓரளவு கேட்டுவிடும். ஆனால் எல்லைக்குப் பக்கத்தில், தளம் போட்ட வீட்டுக்குள், தகரக் கூரைக்கு அடியில், நடுவில் ஈரச் சவுக்குத் தோப்பு இருந்தால், முதலில் செத்துப்போவது அப்லிங்க்தான். போனில் தெரிகிற கோடுகள் டவுன்லிங்கை மட்டும் அளந்து காட்டுபவை. எனவே இரண்டு கோடு தெரியும், ஆனால் போட்டோ போகாது, விண்ணப்பம் போகாது, 'ஹலோ, கேக்குதா, கேக்குதா' என்று கத்த வேண்டியிருக்கும். இன்னொன்று. வரைபடத்துக்கு நாங்கள் அளப்பது தெருவில். மக்கள் குடியிருப்பது வீட்டுக்குள்.

இந்த அப்லிங்க் என்கிற ஒரு சொல்லை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக்குச் செய்தி கொண்டுபோவதில் நாம் நிறையச் சாதித்துவிட்டோம். கிராமத்திலிருந்து ஒரு பதில், ஒரு விண்ணப்பம், ஒரு புகார் முழுசாக இந்தப் பக்கம் வந்து சேர்கிறதா என்பதுதான் இன்னும் முடியாத வேலை. ரேடியோவில் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். 1984-ல் சி-டாட் தொடங்கியது. 1986-ல் கர்நாடகத்தில் கிட்டூர் என்ற ஊரில் அவர்களுடைய 128 இணைப்புள்ள கிராமத் தானியங்கித் தொலைபேசி நிலையம் இயங்க ஆரம்பித்தது. ஏ.சி. இல்லாமல், நம் புழுதியையும் வெயிலையும் தாங்கி வேலை செய்ய வேண்டும் என்று நினைத்து வடிவமைத்த எந்திரம். அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு மஞ்சள் நிற எஸ்.டி.டி. பூத். இங்கே உட்கார்ந்திருக்கும் மூத்தவர்கள் எத்தனை பேர் இரவு கட்டணம் குறையும் வரை காத்திருந்து ஊருக்குப் பேசியவர்கள் என்று கை தூக்கச் சொன்னால் பாதி மண்டபம் தூக்கும்.

அந்த பூத்தில் போன் மட்டுமா இருந்தது? ஒரு ஆள் இருந்தார். பல இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து ஒதுக்கிய பூத் அது. அவர் நம்பர் போட்டுக் கொடுப்பார். "பாட்டி, உம் புள்ள லைன்ல இருக்கான், பேசு" என்பார். துண்டுச் சீட்டில் இருந்த நம்பரைப் படிப்பார். வந்த தகவலை வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவார். எழுத்தறியாதவர் தொலைபேசியைப் பயன்படுத்துவதற்கு எழுத்தறிவு தேவையில்லாமல் இருந்ததற்கு அவரே காரணம்.

1995 ஜூலை 31-ல் கல்கத்தாவிலிருந்து முதல்வர் ஜோதிபாசு டெல்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம், வருகிற அழைப்புக்கும் காசு. 2003-ல் வருகிற அழைப்பு இலவசமானது. 2016-க்குப் பிறகு டேட்டா மலிந்தது. மீதிக் கதை உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது. பூத்துக்கு அவசியம் இல்லாமல் போனது. பூத் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. பூத்தோடு அந்த ஆளும் போனார். அதை யாரும் கணக்கில் எழுதவில்லை.

ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து ஈ.சி.ஆரிலேயே தெற்கே போனால் புதுச்சேரி. அங்கே 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. உதவியோடு, கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் மைய நிலையம். சுற்றியுள்ள கிராமங்களில் ஒவ்வொரு கணிப்பொறி. கிராமத்துத் தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாது என்பதால் வி.எச்.எஃப். ரேடியோ வழியாகவே தகவல் போயிற்று. மையத்துக்கு இடம் ஊர் கொடுக்க வேண்டும்; தலித் மக்கள் உட்பட எல்லோரும் உள்ளே வரலாம் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டும்; நடத்துகிறவர்கள் உள்ளூர்க்காரர்கள். இதுதான் ஒப்பந்தம். எம்பலம் மையத்தைப் பெண்களே நடத்தினார்கள். எனக்கு இதில் பிடித்தது கணிப்பொறியைவிட ஒப்பந்தம்தான்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அவர்களுக்கு நெல் விலை வேண்டாம், அலை எவ்வளவு உயரம் என்று வேண்டும். வில்லியனூரில் ஒருவர் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை முன்னறிவிப்பை எடுத்து அனுப்புவார். வீராம்பட்டினத்தில் அது தமிழில் ஒலிபெருக்கியில் வரும். வலையைச் சரிசெய்துகொண்டே கேட்கலாம். கடற்படைக்காக எவனோ எழுதிய அட்டவணை நம் கட்டுமரக்காரருக்கு வேலை செய்தது. இடையில் இருந்தவை ஒரு ரேடியோ, ஒரு மைக், அதைப் பேசத் தெரிந்த ஒரு ஆள்.

அதே புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு. 2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர் இளைஞர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்க்கிறார். வீட்டுக்குப் போன் போடுகிறார். கடல் ஊருக்குள் வருகிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். ஓடச் சொல்கிறார். செய்தி ஊருக்குள் பரவுகிறது. பூட்டியிருந்த அறிவு மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, தினமும் அலை உயரம் சொல்கிற அதே ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொல்கிறார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் தப்பினார்கள்.

இதைச் சொல்லும்போது கைதட்ட வேண்டாம். வேறு ஒன்றை யோசியுங்கள். அன்றைக்கு இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை மையமே கிடையாது. ஐதராபாத்தில் அது 2007-ல்தான் வந்தது. வேலை செய்தது ஒரு தனியார் தொலைபேசி அழைப்பும், ஊர் பழகி நம்பிய ஒரு குரல்பெருக்கியும். அந்த ஒலிபெருக்கி தினமும் சின்னச் சின்னத் தகவல் சொல்லிப் பழகியிருக்காவிட்டால், அந்த ஒரு நாள் சொன்னதை ஊர் நம்பியிருக்குமா? அவசர காலத்துக்கென்று தனியே ஒரு பெட்டி வாங்கி வைத்து, பத்து வருஷம் தூசி படிய விட்டு, ஒரு நாள் திறந்தால் யார் கேட்பார்கள்?

இனி தோற்ற கதை ஒன்று. தோற்றதில்தான் நமக்குப் பாடம் அதிகம். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு 1990-களில் கார்-டெக்ட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பத்தை உருவாக்கியது. ஒரு கோபுரத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டர் வரை ஒரே நேரத்தில் பேச்சும் 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் கொடுக்கும். இன்று கேட்டால் சிரிப்பீர்கள். அன்று ஒரு கிராமத்துக்கு அது பெரிய விஷயம். இதை வைத்து 2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் சாரி என்ற திட்டம் ஆரம்பமாயிற்று. உள்ளூர் இளைஞர், பெண்கள் கையில் இணைய மையங்கள். சான்றிதழ் விண்ணப்பத்தை அங்கிருந்தே அனுப்பலாம். வெப் கேமராவில் கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கலாம். பாருங்கள், இது அப்லிங்க்! கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போகிற செய்தி.

சில ஆண்டுகளில் பெரும்பாலான மையங்கள் மூடப்பட்டன. பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். கருவி கெட்டுப்போனது முதல் காரணம் இல்லை. வருமானம் போதவில்லை. நடத்துகிறவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சியும் துணையும் கிடைக்கவில்லை. ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அரசு விண்ணப்பங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. அதாவது இந்தப் பக்கத்து ஆளுக்குச் சோறு இல்லை; அந்தப் பக்கத்து ஆளே இல்லை. நடுவில் கம்பியில்லா இணைப்பு மட்டும் ஜோராக வேலை செய்தது.

நாம் டேப்லெட் கொடுப்பதற்கு முன்னால் மேலூரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

'அதெல்லாம் அந்தக் காலம், இப்போ எல்லார் கையிலும் போன்' என்று நண்பர் ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். எல்லார் கையிலுமா? ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு 2019 முதல் 2021 வரை நடந்தது. இந்தியக் கிராமங்களில், தானே பயன்படுத்துகிற செல்போன் தனக்கென்று இருப்பதாகச் சொன்ன பெண்கள் 46.6 சதவீதம். இணையத்தை ஒரு தடவையாவது பயன்படுத்திய கிராமத்துப் பெண்கள் 24.6 சதவீதம், ஆண்கள் 48.7 சதவீதம். தமிழ்நாடு இந்திய சராசரியைவிட மேல்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நிலைமை முன்னேறியும் இருக்கும். ஆனால் 'வீட்டில் ஒரு போன்' என்பதும் 'அம்மா கையில் ஒரு போன்' என்பதும் ஒன்றல்ல. போன் அப்பாவோடு கடலுக்குப் போகும். அல்லது பையனோடு சிறுசேரிக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போகும். வீட்டில் இருக்கிற பெண்ணின் ஆதார் எண்ணோடு இணைந்திருக்கிற நம்பர் அந்தப் போனில்தான் இருக்கும்.

இதில் நான் கண்ட சிக்கலிலேயே பெரியது சாதாரணமான ஒன்று. ரீசார்ஜ். காசு இருக்கிறபோது போடுவார்கள், இல்லாதபோது விடுவார்கள். தொடர்ந்து 90 நாள் பயன்படாத நம்பரை நிறுவனம் நிறுத்திவிடலாம்; பிறகு அது வேறொருவருக்குப் போய்விடும். இவர்கள் புது சிம் வாங்கிவிடுவார்கள். ஆனால் வங்கியிலும் ஆதாரிலும் இருப்பது பழைய நம்பர். ஓ.டி.பி. முகம் தெரியாத யாருக்கோ போகும். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட தனித் திட்டம் இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில்தான் விதி கொண்டு வந்தது. அது இருப்பதே தெரியாமல் டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கட்டுகிற பாட்டிகளை எனக்குத் தெரியும். ஒரு ஆள் எடுத்துச் சொன்னால் போதும்.

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி முதல், அந்தத் திட்டத்தின் எல்லாப் பணியிடங்களிலும் வருகைப் பதிவைச் செயலியில், ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோவோடு அனுப்ப வேண்டும் என்று வந்தது. முறைகேட்டைத் தடுக்கத்தான், நோக்கம் தவறில்லை. ஏரிக்கரையில் சிக்னல் எங்கே? டவுன்லிங்க் இருக்கும், போட்டோ அனுப்பத் தேவை அப்லிங்க். மண் சுமந்தவர் கூலி, அனுப்புகிறவர் போனின் 0.2 வாட்டை நம்பி நின்றது. அதேபோல ரேஷன் கடையில் கைரேகை. கேளம்பாக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர் விரலைப் பார்த்திருக்கிறீர்களா? வாழ்நாள் முழுக்க உப்பில் தேய்ந்த விரல். எந்திரம் 'மீண்டும் முயற்சிக்கவும்' என்கிறது. எத்தனை முறை?

கடலுக்குள்ளும் இதே கதைதான். கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் செல்போனை நம்ப முடியாது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது கன்னியாகுமரி, கேரள மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கையை அவர்களிடம் கொண்டுசேர்க்க வழியில்லை. அதற்குப் பிறகு 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைப் படகில் உள்ள செல்போனுக்கு புளூடூத்தில் தரும். நல்ல கருவி. ஆனால் ஒருவழி. படகிலிருந்து 'நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்று சொல்ல முடியாது. இருவழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டரை இஸ்ரோ உருவாக்கி, ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு 2024-ல் தொடங்கியது. முதலில் டவுன்லிங்க், வெகு நாள் கழித்து அப்லிங்க். எப்போதும் இந்த வரிசைதான். ஏன் என்று எனக்குள் பல தடவை கேட்டிருக்கிறேன். மேலே இருப்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கேட்க நேரம் இல்லை. வேறு பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடியபோது தமிழ்நாட்டுக்குக் கை கொடுத்தது எது? 2019-லேயே தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி. 2006 முதல் அரசு கொடுத்த இலவச டி.வி. பல வீடுகளில் இருந்தது; ஆன்லைன் வகுப்புக்கான ஸ்மார்ட்போன் அந்த அளவுக்கு இல்லை. ஆனால் டி.வி.யில் சந்தேகம் கேட்க முடியாதே. அதனால்தான் 2021-ல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. மாலையில் தெருவிலேயே பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிற தன்னார்வலர்கள், பெரும்பாலும் அந்தத் தெருவின் பெண்களே. கடைசியில் போய் நின்றது ஆளிடம்தான்.

இப்போது தீர்மானத்துக்கு வருகிறேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், தெரிகிறது.

முப்பது டேப்லெட், ஒரு வருஷ டேட்டா: மூன்று லட்சம். கொடுக்கிற அன்று நல்ல போட்டோ வரும், மலரில் அட்டைப்படமே போடலாம். ஒரு வருஷத்தில் டேட்டா முடியும். கடற்கரை உப்புக்காற்றில் சார்ஜ் போடும் துளை துருப்பிடிக்கும். எத்தனை டேப்லெட் பிள்ளைகள் கையில் இருக்கும், எத்தனை அடகுக் கடையில் இருக்கும் என்று பந்தயம் கட்ட நான் தயாராக இல்லை. அடகு வைப்பவர்களைக் குறை சொல்லவும் தயாராக இல்லை.

நான் கேட்பது இது. அந்த இரண்டு ஊரிலும் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் வீதம் இரண்டு பேர். தினம் மாலை மூன்று மணி நேரம் சமுதாயக் கூடத்தில் உட்கார வேண்டும். மாதம் ஐயாயிரம் ரூபாய் வீதம் இரண்டு வருஷத்துக்கு 2,40,000 ரூபாய். மீதி 60,000 ரூபாயில் இரண்டு இடத்துக்கும் பிரிண்டர், சின்ன இன்வர்ட்டர், கூரைக்கு மேலே ஆன்டெனா வைத்த 4ஜி ரௌட்டர். ஆன்டெனாவை நானே ஏறி வைத்துத் தருகிறேன். கூரைக்கு மேலே போனாலே அப்லிங்க் பாதி சரியாகிவிடும், அதற்குப் பெரிய செலவே இல்லை. ஊராட்சிக்கு அரசின் கண்ணாடி இழை இணைப்பு வருகிறபோது அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைப்பதுதான் அந்தத் திட்டத்தின் இலக்கு.

அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை? விண்ணப்பம் போடுவது, ஓ.டி.பி. படித்துச் சொல்வது, எந்த ரீசார்ஜ் போதும் என்று சொல்வது, வந்த குறுஞ்செய்தி வங்கியா திருடனா என்று பார்த்துச் சொல்வது, கடல் அறிவிப்பை மாலையில் மைக்கில் வாசிப்பது. அதோடு ஒரு நோட்டு. முடிந்த வேலைகளை எழுதும் நோட்டு அல்ல, முடியாத வேலைகளை எழுதும் நோட்டு. 'இன்னார் வந்தார், கைரேகை ஏறவில்லை, நான்காவது முறை.' 'பழைய நம்பர், ஆதார் மாற்ற நாள் கிடைக்கவில்லை.' மாதம் ஒரு முறை அந்த நோட்டின் பிரதியை எடுத்துக்கொண்டு நம் மாணவர்கள் இரண்டு பேர், திங்கட்கிழமை செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்துக்குப் போக வேண்டும். மனு கொடுத்து ரசீது வாங்கி வர வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் எனக்குத் தெரியாது. சிமுலேஷன் எல்லோரும் செய்கிறார்கள்.

ஆட்சேபணை இரண்டு வந்திருக்கிறது. ஒன்று, 'அரசின் இ-சேவை மையம் இருக்கிறதே, நாம் எதற்கு?' இருக்கிறது. நான் சொல்கிற குப்பத்திலிருந்து அங்கே போய்வர ஷேர் ஆட்டோவுக்கு ஆகும் செலவும், அரை நாள் வியாபாரமும் கணக்குப் போடுங்கள். நாம் அதற்குப் போட்டி இல்லை. அங்கே போவதற்கு முன்னால் என்னென்ன காகிதம் வேண்டும் என்று சரிபார்த்து அனுப்பினாலே மூன்று நடை ஒரு நடையாகிவிடும்.

இரண்டாவது ஆட்சேபணை கனமானது. 'இரண்டு வருஷம் கழித்து யார் சம்பளம் கொடுப்பது?' மேலூரில் மாட்டிக்கொண்ட கேள்வியே இதுதான். இதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. நாம் ரீசார்ஜ் செய்கிற பணத்தில், நிறுவனங்களின் வருவாயிலிருந்து ஐந்து சதவீதம் கிராமத் தொடர்புக்கென்று ஒரு நிதிக்குப் போகிறது. 2002-ல் தொடங்கிய அந்த நிதிக்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். அது பெரும்பாலும் கோபுரத்துக்கும் கம்பிக்கும் செலவாகிறது. ஆளுக்கும் செலவு செய்யலாம் என்று யாராவது கேட்க வேண்டும். கேட்பதற்கு நம் கையில் இரண்டு வருஷத்து நோட்டு இருந்தால் நல்லது. இதற்கிடையே ஊரின் மகளிர் சுயஉதவிக் குழு, பிரிண்ட் எடுக்க ஐந்து ரூபாய் பத்து ரூபாய் என்று வாங்கி, சம்பளத்தில் ஒரு பகுதியை ஏற்க முடியுமா என்று பேசிக்கொண்டிருக்கிறேன். குப்பத்தில் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இருளர் குடியிருப்பில், "மொதல்ல வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். அதற்கு முன் வந்து போன திட்டங்களைப் பார்த்தவர்கள். அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

டேப்லெட் தீர்மானத்தைக் கொண்டு வந்த சீனியர் அண்ணன் எனக்கு ஹாஸ்டலில் சோறு வாங்கிக் கொடுத்தவர். அவர் மனசு எனக்குத் தெரியும். அதனால் தீர்மானத்தைத் தோற்கடிக்கச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன். 'முப்பது டேப்லெட்' என்ற இடத்தில் 'இரண்டு பணியாளர், இரண்டு ஆண்டு' என்று வர வேண்டும். அவ்வளவுதான். இரண்டு டேப்லெட் அந்தப் பெண்களுக்கு வாங்கிக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அண்ணன் கையாலேயே கொடுக்கட்டும்.

சங்க விதிப்படி திருத்தத்துக்குப் பதினைந்து உறுப்பினர் கையெழுத்து வேண்டும். இதுவரை ஒன்பது. தாள் வரவேற்பு மேசையில், பேட்ஜ் கொடுக்கிற தம்பியிடம் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகிற வழிதான். மாணவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் திங்கட்கிழமை செங்கல்பட்டு போக யார் தயார் என்று பெயர் எழுத பக்கத்திலேயே இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். பஸ் காசு என்னுடையது.